அவளாகத் தேடிக்கொண்டது

“உங்க குடும்பத்துல எத்தனை பேரு?”

பதிவு எடுத்துக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமல் கேட்டார். பதுளை மாவட்டத்தில் ஒரு பாடசாலை மண்டபம். 2025 டிசெம்பர் முதல் வாரம். டித்வா புயல் கடந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. மேசை, கதிரைகளை ஓரமாக ஒதுக்கிவிட்டுப் பாய் விரித்திருந்தார்கள். லயத்துக்குப் பின்னால் மலை வெடித்ததால் இரவோடிரவாக இறங்கி வந்த குடும்பங்கள் அவை. இடத்தின் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் நான் எழுதப்போகிற பெண் யாரென்று பக்கத்து டிவிசன் வரைக்கும் தெரிந்துவிடும்.

“ஆறு பேருங்க” என்றார் வரிசையில் நின்ற தகப்பன்.

அவருக்குப் பின்னால், இரண்டு வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற மகள் மெதுவாகச் சொன்னாள்: “நாங்க ரெண்டு பேரும் தனிங்க.”

எழுதியவர் இப்போது நிமிர்ந்து பார்த்தார். “கலியாணம் முடிச்சதா?”

“முடிச்சது.”

“பதிவு?”

பதில் இல்லை.

“புருசன் எங்க?”

அதற்கும் பதில் இல்லை. தகப்பன்தான் இடையில் வந்தார். “அதெல்லாம் அவளா தேடிக்கிட்டதுங்க. நீங்க ஆறுன்னே எழுதுங்க.”

ஆறு என்றே எழுதப்பட்டது.

நான் நிவாரணம் பற்றிய ஒரு செய்திக்காக அங்கே போயிருந்தேன். எழுதி அனுப்பிய செய்தியில் அரிசி, பால்மா, கழிப்பறை எல்லாம் இருந்தன. இந்த உரையாடல் இருக்கவில்லை. ஒரு குடும்பம் ஆறு பேரா, அல்லது நான்கு பேரும் இரண்டு பேருமாக இரண்டு குடும்பமா என்பது செய்தியாகும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. ஊடகக் கற்கைகளில் பட்டம் எடுத்தவள் இப்படிச் சொல்வது வெட்கம்தான். பிறகு பல நாட்கள் அந்த ஒரு வாசகம் காதை விட்டுப் போகவில்லை. அவளா தேடிக்கிட்டது.

நமுனுகுல மலையடிவாரத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவள் நான். இந்த வாசகம் இல்லாத ஒரு வருடம் என் சிறுவயதில் கிடையாது. பெண் பார்த்துக் கட்டிவைத்த கலியாணம் கெட்டுப்போனால் லயமே கூடும். தாய்மாமன் வருவார், கோயில் கமிட்டியில் இருப்பவர் வருவார், சங்கத் தலைவர் வருவார். குடித்துவிட்டு அடிக்கிறவனை உட்காரவைத்து அதட்டுவார்கள். அந்தப் பெண் தாய்வீட்டில் ஆறு மாதம் இருந்தாலும் “பாவம், அவ தலையெழுத்து” என்று சோறு போடுவார்கள். தானாக விரும்பிப் போனவளுக்கு இந்த ஏற்பாடு எதுவும் இல்லை. அடி வாங்கினாலும், கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனவன் திரும்பி வராவிட்டாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தாய்வீட்டு வாசலில் வந்து நின்றாலும், முதலில் காதில் விழுவது இந்த வாசகம்தான். தலையெழுத்துக்கு இரக்கம் காட்டுகிற ஊர், தெரிவுக்குக் காட்டுவதில்லை.

மலையகத்து இளம் பெண்களின் காதலைப் பற்றி, ‘இளவயதுத் திருமணம்’ பற்றி நடக்கிற கருத்தரங்குகளில் ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும்: கைத்தொலைபேசி வந்து பிள்ளைகள் கெட்டுப்போய்விட்டார்கள். முன்பு தொலைக்காட்சி நாடகத்தைச் சொன்னார்கள். அதற்கு முன்பு சினிமாவை. நான் தோட்டம் தோட்டமாகத் திரிந்து கேட்ட கதைகளில் கைத்தொலைபேசி கடைசியில்தான் வருகிறது. அதற்கு முன்னால் வருபவை வேறு.

முதலாவது, சுவர். லயக்காம்பிரா என்பது பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, முன்னால் ஓர் இஸ்தோப்பு, பின்னால் புகை போகாத ஓர் அடுப்படி. பல பழைய லயங்களில் நடுச்சுவர் கூரை வரை போவதில்லை. பக்கத்துக் காம்பிராவில் இருமினால் இங்கே தூக்கம் கலையும். உயர்தரம் படிக்கிற பெண் பிள்ளை தன் மனதிலுள்ளதை அம்மாவிடம் மெல்லிய குரலில் சொல்ல வேண்டுமென்றாலும் அதற்கான இடம் வீட்டில் இல்லை. அதனால் சொல்வதில்லை. காதல் வீட்டுக்கு வெளியே, பீலிக்கரையில், தேர்த் திருவிழாவில், பஸ்ஸில் நடக்கிறது. வெளியே நடப்பதால் ஒளிந்து நடக்கிறது. ஒளிந்து நடந்தது வெளியே தெரிந்த அன்று ஓடிப்போவதைத் தவிர வேறு வழி இருப்பதில்லை. அவனைப் பற்றி விசாரிக்க, ஆறு மாதம் பொறுத்துப் பார்க்க, வேண்டாம் என்று மனம் மாற, எதற்கும் அவகாசம் இல்லை. ‘அவசரப்பட்டுவிட்டாள்’ என்கிறோம். அவசரப்படுத்தியது சுவர்.

இரண்டாவது, பஸ். தோட்டப் பாடசாலையில் சாதாரண தரம் முடித்தவள் விஞ்ஞானமோ கணிதமோ படிக்க நினைத்தால் பெரும்பாலும் பதுளைக்கோ பண்டாரவளைக்கோதான் போக வேண்டும். காலையில் ஒரு பஸ், பின்னேரம் ஒரு பஸ். மழை நாளில் அதுவும் இல்லை. பாதிப்பேர் பக்கத்துப் பாடசாலையில் கிடைக்கிற கலைப்பிரிவை எடுக்கிறார்கள். அதை அவர்களின் ‘விருப்பம்’ என்று படிவத்தில் எழுதுகிறோம். பஸ்ஸில் போகிறவளுக்கோ அந்த ஒன்றரை மணித்தியாலம்தான் நாளில் அவளுக்குச் சொந்தமான நேரம். அங்கே ஒருவன் இருக்கை பிடித்து வைத்து, “சாப்ட்டியா?” என்று கேட்டால் அது பெரிய விசயமாகத் தெரியும். ஏனென்றால் விடிய நாலரைக்கு எழும்பிப் பெரட்டுக்கு ஓடுகிற அம்மாவுக்கு அதைக் கேட்க நேரம் கிடைப்பதில்லை.

மூன்றாவதை யாரும் பேசமாட்டார்கள். சாதி. ‘தோட்டத்துல அதெல்லாம் இல்ல’ என்பது மேடைப் பேச்சு. கொழுந்துக் கூடையிலும் தேநீர்க் கோப்பையிலும் இல்லாதது கலியாணத்தில் வந்து குந்திக்கொள்கிறது. “என்ன ஆளுங்க?” என்ற இரண்டு சொல்லில் முடிந்துபோன காதல்கள் எத்தனை என்று எந்தக் கணக்கெடுப்பும் கேட்பதில்லை.

இதைச் சொல்லும்போது என் கதையைச் சொல்லாமல் தாண்டிப்போவது நேர்மையில்லை.

யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில் ஒருவரை விரும்பினேன். கிளிநொச்சிக்காரர். இறுதிப் போரில் முள்ளிவாய்க்கால் வரைக்கும் போய், முகாமில் இருந்து, மீண்டும் படிக்க வந்தவர். போரைப் பற்றி என்னிடம் அதிகம் பேசமாட்டார். நானும் கேட்கவில்லை. அங்கே சிலரிடம் ‘பதுளை’ என்று என் ஊரைச் சொன்னால் “பிந்துனுவெவ பக்கமா?” என்று கேட்பார்கள். பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் 2000 ஒக்டோபர் 25 அன்று தமிழ் இளைஞர்களை ஒரு கும்பல் வெட்டியும் எரித்தும் கொன்றது. இருபத்தேழு பேர் இறந்தார்கள். குற்றவாளிகளாகக் காணப்பட்டவர்கள் 2005 இல் உயர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார்கள். வடக்கில் பலருக்கு எங்கள் ஊவா அந்த ஒரு பெயரால்தான் தெரியும். அவர் அப்படிக் கேட்கவில்லை. “எங்கட அம்மம்மாவும் பதுளைதான்” என்றார். 1977 கலவரத்துக்குப் பிறகு வன்னிக்குப் போன குடும்பம்.

எனக்கு அது ஒரு நல்ல சகுனமாகத் தெரிந்தது. அவருடைய அம்மாவிடம் விசயம் போனபோது வந்த பதில்: “தோட்டக்காட்டில போயா பெண் எடுக்கிறது?” பதுளை லயத்தில் பிறந்த ஒரு பெண்ணின் மகள் சொன்ன பதில் அது. அவர் சண்டை போடவில்லை, சம்மதிக்கவும் இல்லை. மௌனமாக இருந்தார். போரில் இரண்டு பிள்ளைகளை இழந்த தாய்க்கு எதிராக எப்படி நிற்பது என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இன்றும் இல்லை. அந்தத் தாயின் மீதும் எனக்கு இப்போது கோபம் இல்லை. வன்னியில் காணி, வேலை, கோயில் என்று ஒவ்வொன்றிலும் ‘மலைநாட்டார்’ என்று தள்ளி வைக்கப்பட்டு, முப்பது வருடம் பாடுபட்டு அழித்த ஓர் அடையாளத்தை நான் மருமகளாகப் போய்த் திரும்பவும் வாசலில் வைத்திருப்பேன். அவருக்கு அது பயம்.

எங்கள் வீடு மட்டும் என்ன? அம்மாவிடம் முதன்முதலில் சொன்னபோது அவரும் கேட்டது “என்ன ஆளுங்க?” என்றுதான். ஆனால் எல்லாம் முடிந்து நான் பேசாமல் இருந்த நாட்களில் அம்மா தொலைபேசியில், “பஸ்ஸுக்குக் காசு இருக்கா? வீட்டுக்கு வா மகே” என்றார். வந்தேன். அம்மா அந்த வாசகத்தைச் சொல்லவில்லை. பக்கத்துக் காம்பிராவில் சொன்னார்கள், அது சுவர் தாண்டி நன்றாகவே கேட்டது. நான் திரும்பி வர முடிந்ததற்கு அம்மாவின் மனம் ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. அக்கா குவைத்திலிருந்து அனுப்பிய காசில் லயத்துக்குப் பின்னால் தகரம் போட்டு ஓர் அறை இறக்கியிருந்தார்கள். எனக்குப் படுக்க இடம் இருந்தது.

தெரிவு என்பது எங்கள் சமூகத்துக்குப் பழக்கமான ஒன்றல்ல. எங்களைப் பற்றிய தெரிவுகளை மற்றவர்கள்தான் செய்தார்கள். நாடு சுதந்திரம் பெற்ற அதே 1948 இல், 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30 அன்று சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பமிட்ட உடன்படிக்கையில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரிக்கப்பட்டார்கள். மிஞ்சிய 150,000 பேரை 1974 இல் பாதி பாதியாகப் பங்கிட்டார்கள். என் அம்மாயியின் அக்கா இந்தியாவுக்குப் போனவர். அவர் போக விரும்பினாரா என்று அம்மாயியிடம் ஒருமுறை கேட்டேன். “அவ புருசன்தான் பாரம் நெரப்பினாரு” என்றார். அவ்வளவுதான் விளக்கம். அந்தப் பயணக் கோச்சிக்கு ‘அழுகைக் கோச்சி’ என்று பெயர். பதுளையிலிருந்து புறப்படும்போதே அழுகை தொடங்கி, தியத்தலாவை, அட்டன் என்று ஒவ்வொரு ஸ்டேசனிலும் சேர்ந்துகொண்டே போகுமாம். தலைமன்னாரில் கப்பல். பிறகு கூடலூர், கோத்தகிரி என்று எங்கெங்கோ. கணவன் மனைவி பிரிந்தார்கள் என்பதை எழுதியிருக்கிறார்கள். பேசி முடிக்காத காதல்கள் எத்தனை பிரிந்தன என்பதை யார் எழுதுவது? ஒருத்தியின் தகப்பன் இந்தியாவுக்கு எழுதியிருப்பார், அவள் விரும்பியவனின் தகப்பன் இலங்கைக்கு. இரண்டு தகப்பன்களுக்கும் பிள்ளைகளின் காதல் தெரிந்திருக்காது.

இந்த வரலாற்றுக்குள் வைத்துப் பார்த்தால், பதினெட்டு வயதில் ஒரு பெண் ‘நான் இவனோடு போகிறேன்’ என்று தீர்மானிப்பது சின்ன விசயமல்ல. தவறான ஆளைத் தெரிவு செய்திருக்கலாம். ஆனால் அவள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக எந்தப் பெண்ணும் செய்யாததைச் செய்கிறாள்.

அந்தத் தைரியம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் பெரும்பாலும் காசிலிருந்துதான். முன்பு தோட்டத்தில் மனைவியின் சம்பளத்தைக் கணவன் கைநீட்டி வாங்குவது வழக்கமாக இருந்தது. நிர்வாகம் அதை ஒரு பிழையாகவே நினைக்கவில்லை. இன்று பெண் தன் சம்பளத்தைத் தானே வாங்குகிறாள். அந்தச் சம்பளம் எவ்வளவு? 2021 இல் பெரிய போராட்டங்களுக்குப் பிறகு நாளுக்கு 1,000 ரூபா ஆனது. பிறகு 1,350. 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தபடி 2026 ஜனவரியிலிருந்து 1,550 ரூபாவும், வேலைக்கு வந்தால் அரசாங்கம் கொடுக்கும் 200 ரூபாவும் சேர்த்து 1,750. இதுவும் கொழுந்து ‘நோம்’ நிறைந்தால்தான், இல்லையென்றால் அரைப்பேர். கொழுந்தில்லாத மாதத்தில் மாதம் முழுக்க வேலையும் கொடுக்கமாட்டார்கள். இந்தக் காசில் குடும்பத்தை ஓட்டலாம், ஓட்டுகிறார்கள். ஆனால் ஒரு பெண் தனியாக அறை எடுத்துத் தங்கிப் பிள்ளையையும் வளர்க்க இது போதாது. ஆகவே தோட்டத்துச் சம்பளம் ஒரு பெண்ணுக்குக் கணவனை எதிர்த்துப் பேசுகிற தைரியத்தைக் கொடுக்கிறது. அவனை விட்டு வெளியே வருகிற வசதியைக் கொடுப்பதில்லை. அதற்குக் கட்டுநாயக்க வேண்டும், அல்லது குவைத் வேண்டும்.

வெளிநாடு போகலாம் என்றால் அங்கேயும் ஒரு படிவம் நிற்கிறது. 2013 இல் பெண்களுக்கு மட்டும் ‘குடும்பப் பின்னணி அறிக்கை’ கட்டாயமாக்கப்பட்டது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருக்கக்கூடாது, கணவனின் சம்மதம் வேண்டும், பிள்ளையை யார் பார்ப்பது என்று எழுதித்தர வேண்டும். அதே வருடம் ஜனவரி 9 அன்றுதான் மூதூர் ரிசானா நபீக் சவூதியில் தலை வெட்டிக் கொல்லப்பட்டார். பதினேழு வயதுப் பிள்ளையை வயதைக் கூட்டிக் கடவுச்சீட்டு எடுத்து அனுப்பியிருந்தார்கள். பெண்களைப் பாதுகாக்க வேண்டும் என்று நாடே பேசியது. பாதுகாப்பு என்று வந்தது கணவனின் கையெழுத்து. 2022 இல் டொலர் இல்லாமல் நாடு நின்றபோது வீட்டுப் பணிப்பெண்ணின் வயதெல்லை 21 ஆகக் குறைக்கப்பட்டது, பிள்ளை வயது விதியும் தளர்ந்தது. எந்த ஆணிடமும் இந்த அறிக்கை ஒருபோதும் கேட்கப்படவில்லை. பதிவில்லாத கலியாணம் செய்து, கணவன் எங்கே என்று தெரியாமல் இருப்பவள் யாருடைய கையெழுத்தை வாங்குவாள்? ஏஜென்சிக்காரனிடம் அதற்கும் ஒரு விலை உண்டு. அக்கா போனபோது நாங்கள் அதைக் கொடுத்தோம்.

பதிவில்லாமல் போவது ஏன் என்று வடக்கில் ஒரு நண்பி கேட்டாள். 1995 இலிருந்து பதினெட்டு வயதுக்கு முன் திருமணத்தைப் பதிய முடியாது. பதினேழில் ஓடிப்போகிறவர்கள் ‘பிறகு பதியலாம்’ என்று கோயிலில் தாலி கட்டுகிறார்கள். பதினெட்டு வரும்போது வயிற்றில் பிள்ளை, கையில் காசில்லை, அவனுக்கு முன்பிருந்த அவசரமும் இல்லை. இதில் ஒன்றை மட்டும் இந்தப் பெண்களுக்குச் சொல்லிவைக்க வேண்டும். 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின்படி, திருமணம் பதியப்படாவிட்டாலும் பிள்ளைக்குத் தகப்பனிடமிருந்து பராமரிப்புக் கேட்கலாம். நீதவான் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் பதுளையிலும் அலுவலகம் உண்டு. வன்முறை என்றால் 1938 என்ற மகளிர் உதவி இலக்கம் இருக்கிறது. நான் சந்தித்த பெண்களில் ஒருத்திக்குக்கூட இந்தச் சட்டம் தெரிந்திருக்கவில்லை. ‘நானா தேடிக்கிட்டது, யாருகிட்ட போயி கேக்க?’ என்றாள் ஒருத்தி. அந்த வாசகத்தை மற்றவர்கள் சொல்வதை நிறுத்தினாலும் அவளுக்குள் அது ஓடிக்கொண்டிருக்கிறது.

இனி வீடு. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அதுதான்.

எங்கள் மாவட்டத்தில் மலை சரிவது புதிதல்ல. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. மிஞ்சியவர்கள் ஏறக்குறைய இரண்டு வருடம் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலையில் துணியால் மறைப்புக் கட்டிக்கொண்டு வாழ்ந்தார்கள். 2016 இல்தான் மாகல்தெனியவில் 75 வீடுகள் கிடைத்தன. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலை. இப்போது டித்வா. இதற்கிடையில் நல்லதும் நடந்திருக்கிறது. 2025 ஒக்டோபர் 12 அன்று பண்டாரவளையில், இந்திய வீடமைப்புத் திட்டத்தின் கீழ் இரண்டாயிரம் குடும்பங்களுக்கு வீட்டு உரிமைக்கான ஆவணங்களை ஜனாதிபதி வழங்கினார். 2017 இல் மோடி நோர்வூட்டுக்கு வந்தபோது அறிவித்த பத்தாயிரம் வீடுகளில் ஒரு பகுதி இது. இருநூறு வருடமாகக் கம்பனியின் சுவருக்குள் இருந்தவர்கள் கையில் ஒரு பத்திரத்தோடு நின்ற படங்களைப் பார்த்து அம்மா அழுதார். நானும்தான்.

ஆனால் வீடு ‘குடும்பத்துக்கு’ என்று கொடுக்கப்படும்போது குடும்பம் என்றால் யார் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? ஒரு லயக்காம்பிராவுக்குள் இன்று இரண்டு, மூன்று குடும்பங்கள் இருக்கின்றன. கலியாணம் முடித்த மகன், மனைவி பிள்ளையோடு இருந்தால் அவன் தனிக் குடும்பம் என்று கேட்டு வாங்குவான், சங்கமும் அவனுக்காகப் பேசும். பிள்ளையோடு திரும்பி வந்த மகள்? அவள் தகப்பனின் குடும்பத்தில் ஓர் எண். தகப்பன் இருக்கும் வரை சரி. பிறகு அந்த வீடு அண்ணனுடையது. அண்ணி வந்த பிறகு அவளும் பிள்ளையும் இஸ்தோப்பில் படுப்பார்கள். இதைத் தவிர்க்க அவசரமாக இரண்டாவதாக ஒருவனோடு போகிறாள். அதையும் நாங்கள் ‘அவளாகத் தேடிக்கொண்டது’ என்கிறோம்.

இதை வாசிக்கிற வன்னிப் பெண்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2009 க்குப் பிறகு மீள்குடியேற்றத்தில், வீட்டுத் திட்டத்தில், பெர்மிட் காணியில், ஒவ்வொரு மேசையிலும் ‘குடும்பத் தலைவர் எங்கே?’ என்ற கேள்விக்கு முன்னால் நின்றவர்கள் நீங்கள். இறந்துவிட்டார் என்று கையெழுத்துப் போட மனமில்லாமல், இருக்கிறார் என்று காட்டவும் முடியாமல் அலைந்தீர்கள். அந்தப் போராட்டத்தில்தான் 2016 இல் ‘காணப்படாமைக்கான சான்றிதழ்’ சட்டத்துக்குள் வந்தது. அது நீதியல்ல என்பது தெரியும். ஆனால் கணவன் இல்லாத பெண் தன் பெயரில் ஒரு காரியம் செய்ய ஒரு தாள் கிடைத்தது. 1935 இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் மகளுக்கு முன் மகனை வைத்திருந்த வாரிசு ஒழுங்கும் 2022 இல்தான் திருத்தப்பட்டது. இவை இரண்டும் பெண்கள் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியதால் வந்தவை. மலையகத்தில் ஒரு பெண்ணை அவள் கணவன் போரில் அல்ல, சாதாரணமாக ஒரு செவ்வாய்க்கிழமை கைவிட்டுப் போகிறான். அதற்குத் தாள் இல்லை.

2024 நவம்பரில் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் நாடாளுமன்றம் போனார்கள். மலையகத் தமிழ்ப் பெண்கள் அங்கே தெரிவாகிப் போனது அதுவே முதல்தடவை. சம்பளத்தைப் பற்றி எல்லா ஆண்களும் பேசுவார்கள். இந்த இருவரும் பேச வேண்டியது இது என்று நான் நினைக்கிறேன்: புதிய வீட்டுப் பத்திரம் ஒவ்வொன்றிலும் பெண்ணின் பெயரும் இருக்க வேண்டும்; பிள்ளையோடு தனியாக இருக்கிற பெண், பதிவுத் திருமணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு குடும்பமாக எண்ணப்பட வேண்டும். இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. படிவத்தில் ஒரு வரி போதும்.

அந்தத் தகப்பனைப் பற்றி நான் தவறாக நினைத்திருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். ஜனவரியில் மீண்டும் போனபோது அவரோடு பேசினேன். அந்தக் குடும்பம் உறவினர் ஒருவரின் லயத்தில் ஒண்டியிருந்தது. “ஏன் ஆறுன்னு சொன்னீங்க?” என்று கேட்டேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். “எம் மகளும் பேத்தியும்மா. வேற எப்படிச் சொல்ல? தனின்னு எழுதினா, நான் அவளைத் தள்ளி வச்சிட்டேன்னு ஆயிராதா?” என்றார். அந்த வாசகத்தைச் சொன்ன அதே வாயால் அவர் மகளைக் கணக்கில் சேர்த்திருக்கிறார். அவருக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு அவருடைய பெயருக்குக் கீழே இருப்பதுதான். மகள் கேட்டதோ தன் பெயரில் ஒரு வரி. இருவரும் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் இருவரும் கேட்டதற்கும் அந்தப் படிவத்தில் ஒரே இடம்தான் இருந்தது.

நான் கிளம்பும்போது அவள் பின்னாலேயே வந்தாள். “அக்கா, எங்க ரெண்டு பேரையும் தனியா எழுதச் சொல்லி யாருகிட்ட கேக்கணும்?”

முதலில் கிராம உத்தியோகத்தரிடம் சொல்லி, பிறகு பிரதேச செயலாளருக்கு ஒரு கடிதம் கொடுக்க வேண்டும் என்றேன். அவளுக்கு எழுதத் தெரியும். சாதாரண தரம் வரை படித்தவள். கடிதம் எப்படித் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. நான் சொல்லச் சொல்ல, அரிசி மூட்டையின் மேல் ஓர் அப்பியாசக் கொப்பியை வைத்துக்கொண்டு எழுதினாள். தகப்பன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், தடுக்கவில்லை. முழுப் பெயர் எழுதினாள். அடையாள அட்டை இலக்கம் மனப்பாடமாக இருந்தது. பிள்ளையின் பெயர், பிறந்த திகதி.

முகவரி என்ற இடத்தில் பேனையை நிறுத்தினாள்.

“லய நம்பர் போடவா அக்கா?”

“போடு.”

“அந்த லயம்தான் இப்ப இல்லியே.”